பூசையில் வைத்த புத்தகங்கள்

என் வீட்டில் நாற்பத்தொரு குழந்தைப் புத்தகங்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றுகூட என்னுடையது இல்லை. மேல்வீட்டில் குடியிருந்த ஒரு பிள்ளையுடையவை. அந்தப் பிள்ளையோடு போயிருக்க வேண்டியவை. போகவிடாமல் பிடித்து வைத்தவள் நான். இதுவரை யாரும் என்னை இதுபற்றிக் கேட்டதில்லை. கேட்காததால்தான் நானே சொல்லுகிறேன்.

எங்கள் வீடு பாளையங்கோட்டையில். கீழே நான், மேலே குடித்தனக்காரர்கள். என் வீட்டுக்காரர் வாழைக்காய் வியாபாரம் பார்த்தவர். ஆற்றங்கரைத் தோட்டங்களில் இருந்து தார் வந்து இறங்கும். கீழ்வீட்டின் கிழக்கு அறையில் அதைத் தொங்கவிட்டுப் பழுக்க வைப்பார். அதற்காக உத்தரத்தில் வரிசையாக இரும்புக் கொக்கிகள் அடித்திருந்தார். அவர் போன பிறகு வியாபாரம் நின்றது. கொக்கிகள் மட்டும் அப்படியே இருந்தன. எங்களுக்குப் பிள்ளை இல்லை. அந்த அறையை நான் திறப்பதே கிடையாது.

நான் இரண்டாம் வகுப்பு வரை போனவள். அம்மா படுக்கையில் விழுந்தாள், தம்பிமாரைத் தூக்க ஆள் வேண்டும் என்று நிறுத்திவிட்டார்கள். என் பெயரைப் போடுவேன், அதுவும் கோலம் போடுகிற மாதிரிதான். எழுத்தைத் தனியாகப் பார்த்தால் இன்னது என்று சிலதைச் சொல்லுவேன். கூட்டிப் படிக்க வராது. இது என் வீட்டுக்காரருக்கு மட்டும் தெரியும். தெருவில் ஒருவருக்கும் தெரியாது, நான் தெரியவிட்டதும் இல்லை.

தினமும் காலையில் முக்குக் கடையில் பேப்பர் வாங்குவேன். வாசலில் நாற்காலியைப் போட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அரைமணி நேரம் விரித்துப் பிடித்திருப்பேன். போகிறவர்கள் வருகிறவர்கள், "என்ன ஆச்சி போட்டிருக்கான்?" என்று கேட்டால், "என்னத்தப் போடுதான், பூரா பொய்யாப் போடுதான்" என்பேன். அதற்கு மேல் யாரும் கேட்கமாட்டார்கள். வண்ணார்பேட்டையில் பஸ் ஏறும்போது போர்டை நிமிர்ந்து பார்ப்பேன். பிறகு கண்டக்டரிடம், "ஏன் தம்பி, பாபநாசந்தான? போர்டு பூரா தூசி. ஒரு துணிய வச்சுத் தொடச்சாத்தான் என்ன?" என்று குறை சொல்லிக்கொண்டே ஏறுவேன். பாவம், அந்தப் பையன்கள் போர்டைத் துடைக்கக்கூடப் போயிருக்கிறார்கள்.

இப்படியே அறுபது வயதுவரை ஓட்டிவிட்டேன்.

மேல்வீட்டுக்கு அவர்கள் குடிவந்தபோது பிள்ளைக்குப் பத்து மாதம். தாய் பள்ளிக்கூட டீச்சர். தகப்பனுக்கு வங்கியில் வேலை. வேதக்காரர்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் மணிச்சத்தம் கேட்டதும் மூன்று பேரும் வெளுத்த துணி உடுத்திக்கொண்டு படியிறங்கிப் போவார்கள். மற்ற நாளில் இரண்டு பேரும் வேலைக்குப் போக வேண்டும். முதலில், "ஒரு மணி நேரம் பார்த்துக்கிடுங்கம்மா" என்று டீச்சர் கொண்டுவந்து விட்டாள். ஒரு மாதத்தில் பிள்ளை விடிந்ததில் இருந்து பொழுது சாய்கிறவரை என்னிடம்தான்.

அவளுக்காகத்தான் கிழக்கு அறையைத் திறந்தேன். சுண்ணாம்பு அடித்து, பாய் விரித்து, ஜன்னலுக்கு வலை போட்டேன். எவ்வளவு கழுவியும் பழுத்த வாழைப்பழ வாசனை மட்டும் போகவில்லை. அவளுக்கு அது பிடித்திருந்தது. ஓடிவந்ததும் ஒரு தடவை மூக்கை உறிஞ்சிவிட்டுத்தான் விளையாட உட்காருவாள்.

டீச்சருக்குப் பிள்ளை படிக்க வேண்டும் என்று ஆசை. மாதம் பிறந்தால் ஒரு புத்தகம் வாங்கி வருவாள். எல்லாம் படப்புத்தகம், பக்கத்துக்கு இரண்டு மூன்று வரி. மேல்வீட்டில் ஒழுகும் என்பதால் எல்லாவற்றையும் கீழேயே வைத்தோம். முதலில் ஓர் அட்டைப்பெட்டியில் போட்டு வைத்தேன். பிள்ளை அதற்குள் தலையை விட்டுத் தோண்டுவாள். வேண்டியது அடியில் இருக்கும். மேலே இருப்பதெல்லாம் கசங்கும். பிறகு ஆசாரியைக் கூப்பிட்டு ஓர் அலமாரி செய்து, நிற்க வைத்து அடுக்கினேன். அது அதைவிட மோசம். குழந்தைப் புத்தகம் தோசை மாதிரி மெல்லிசு. ஒன்றை உருவினால் எல்லாம் சரிந்து விழும். நின்ற வாக்கில் முதுகு மட்டும்தான் தெரியும். முதுகைப் பார்த்துப் புத்தகத்தை எடுக்க எழுத்துத் தெரிய வேண்டும். அந்த அறையில் எழுத்துத் தெரியாதவர்கள் இரண்டு பேர் இருந்தோம். போதாததற்குச் சுவரில் ஓதம். ஒரு மழைக்காலம் முடிந்து பார்த்தால் அலமாரிக்குப் பின்னால் ராமபாணப் பூச்சி குடும்பத்தோடு இருக்கிறது.

முக்குக் கடையில் பேப்பர் வாங்க நிற்கும்போதுதான் எனக்குத் தோன்றியது. அந்தக் கடைக்காரர் வாரப் பத்திரிகைகளைக் கயிற்றில் கிளிப் மாட்டி, முகம் தெரியத் தொங்கவிட்டிருப்பார். நானே எத்தனையோ தடவை படத்தைப் பார்த்துத்தான் வாங்கியிருக்கிறேன்.

"அண்ணாச்சி, இந்தக் கயிறு எங்க வாங்குனீய?"

"எதுக்கு ஆச்சி, கடை போடப் போறியளா?"

"ஆமா. உமக்கு எதுத்த கடை."

"போடுங்க, போடுங்க. அங்கன வந்து ஓசிப் பேப்பர் நான் படிக்கேன்."

தார் தொங்கிய கொக்கிகளில் இருந்து கயிறு இறக்கி, பிள்ளையின் நெஞ்சு உயரத்துக்கு ஒன்று, அதற்குக் கீழே ஒன்று என்று குறுக்கே கட்டினேன். துணிக்கு மாட்டுகிற கிளிப்பை வைத்துப் புத்தகங்களை முகம் தெரியத் தொங்கவிட்டேன். சுவரில் படாது, காற்றாடும். வசம்பைத் துணியில் முடிந்து இடையிடையே கட்டினேன். பாச்சை உருண்டை வைக்கவில்லை. பிள்ளை எதையும் வாயில் போடுகிற வயது. டீச்சர் வந்து பார்த்துவிட்டு, "எங்க ஸ்கூல்ல கூட இப்பிடி இல்லம்மா" என்றாள். "இதுல என்ன இருக்கு" என்று சொல்லிவிட்டு, அன்றைக்கே பத்து வீட்டில் போய் அதைச் சொல்லிவிட்டு வந்தேன்.

பிள்ளை கயிற்றோரமாக நடந்து போவாள். ஒவ்வொரு முகத்தையும் பார்ப்பாள். ஒன்றைத் தொட்டு, "இது" என்பாள். நான் கிளிப்பை எடுத்து, மடியில் உட்கார வைத்து, கதை சொல்லுவேன். படத்தைப் பார்த்துத்தான் சொல்லுவேன், வேறு எப்படி? விரலை வரிமேல் ஓட்டிக்கொள்ளுவேன். ஒரு தடவை சொன்னதை மறு தடவை மாற்றினால் பிள்ளை விடமாட்டாள் என்பதால், நாற்பது கதையையும் மனப்பாடமாக வைத்திருந்தேன்.

அவளுக்கு ரொம்பப் பிடித்தது ஓர் ஆட்டுக்குட்டிப் புத்தகம். ஒரு வெள்ளாட்டங்குட்டி கழுத்தில் சிவப்புப் பையை மாட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போகும். கடைசிப் பக்கத்தில் ஒரு வீட்டு வாசலில் பெரிய ஆடு ஒன்று நின்று அதை வரவேற்கும். அந்தக் குட்டி தன் அம்மா வீட்டுக்குப் போகிறது, பையில் தின்பண்டம் கொண்டுபோகிறது என்று சொன்னேன். வழியில் பார்க்கிறவர்கள் எல்லாம், "எங்க போற?" என்பார்கள். "எங்க அம்மயப் பாக்கப் போறேன்" என்று அது சொல்லும். அந்த இடத்தில் பிள்ளையும் என்னோடு சேர்ந்து சொல்லுவாள். ஒரு நாளைக்கு நாலு தடவைகூட அந்த ஆடு அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறது.

அவளுக்கு ஐந்து வயது முடிந்து, எழுத்துக் கூட்டத் தொடங்கிய புதிது. ஒரு நாள் மத்தியானம் அந்தப் புத்தகத்தைச் சொல்லிக்கொண்டு இருந்தேன். அவள் விரலை வைத்து ஒரு வரியை மெதுவாகத் தடவினாள். உதடு மட்டும் அசைந்தது. பிறகு அடுத்த வரி. என் கை நின்றுவிட்டது.

"ஆச்சி" என்றாள். "இதுல வேற போட்டிருக்கு."

அவள் என் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். மடியில் இருந்து இறங்கிப் போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"ஒனக்குப் படிக்கத் தெரியாதா?"

ஐம்பது வருடத்துக்கு மேல் யாரும் என்னிடம் கேட்காத கேள்வி. "கண்ணு சரியாத் தெரியல" என்று சொல்ல வாயெடுத்தேன். அந்தப் பிள்ளையிடம் பொய் வரவில்லை. தெரியாது என்று தலையை மட்டும் அசைத்தேன்.

அவள் யோசித்தாள். "அம்மாட்டச் சொல்லமாட்டேன்" என்றாள். பிறகு மறுபடியும் மடியில் ஏறி உட்கார்ந்து, "ஒன் கதையவே சொல்லு. அதான் நல்லாருக்கு" என்றாள்.

சொன்னபடி அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஒரு நாள் டீச்சர் ஏதோ தாளை நீட்டி, "இதக் கொஞ்சம் வாசிங்கம்மா" என்றபோது, இவள் குறுக்கே புகுந்து, "நான் வாசிக்கேன், நான் வாசிக்கேன்" என்று பிடுங்கிக்கொண்டாள். தாய்க்கு மகள் கெட்டிக்காரி என்று பெருமை. எனக்குத்தான் தெரியும், எதற்காகப் பிடுங்கினாள் என்று.

இனி பூசை விஷயத்துக்கு வருகிறேன். சரஸ்வதி பூசை அன்று வீட்டில் உள்ள புத்தகங்களை அடுக்கி, சந்தனம் குங்குமம் வைத்து, பொரி கடலை படைப்போம். அன்றைக்குப் படிக்கக் கூடாது. மறுநாள் காலையில் மறுபடி கற்பூரம் காட்டி, எடுத்து நாலு வரி படிக்க வேண்டும். எங்கள் வீட்டில் படைக்க என்ன இருந்தது? பழைய பஞ்சாங்கம் ஒன்று, வீட்டுப் பத்திரம், அன்றைய பேப்பர். பிள்ளைக்கு மூன்று வயதானபோது, தன் புத்தகத்தையும் வைக்க வேண்டும் என்று ஒரே அழுகை. வேதக்காரப் பிள்ளை, நான் எப்படி வைப்பேன்? டீச்சரிடம் கேட்டேன். அவள் சிரித்துவிட்டு, "வையுங்கம்மா, பிள்ளைக்கு நல்ல படிப்பு வந்தாச் சரி" என்றாள். இயேசு சாமி கதைப் படப்புத்தகம் ஒன்றை மட்டும் கயிற்றில் இருந்து தானே எடுத்துக்கொண்டு, "இது மட்டும் வேண்டாம்" என்றாள். நானும் அதைத்தான் நினைத்திருந்தேன். மற்றதுக்கெல்லாம் ஒரு மூலையில் கடுகளவு சந்தனம் வைத்தேன்.

"சாமி எல்லாத்தையும் ஒரே நாள்ல படிச்சு முடிச்சிருமா ஆச்சி?" என்று பிள்ளை கேட்டாள்.

"நம்மள மாதிரியா? வெரசலாப் படிச்சிரும்."

"ஆட்டுக்குட்டிப் புத்தகத்த முதல்ல வை. பாதியில தூங்கிட்டா?"

அதன்பிறகு வருடா வருடம் அது நடந்தது. அந்த ஒரு நாள் கயிறு வெறுமையாக இருக்கும். பிள்ளை பூசை அறை வாசலில் உட்கார்ந்து, சாமி எத்தனையாவது புத்தகத்தில் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டு இருப்பாள்.

அவளுக்கு ஆறு வயது நடக்கும்போது தகப்பனுக்கு மாற்றல் வந்தது. பெங்களூர். பூசை முடிந்து இரண்டு நாள் கழித்து லாரி வருவதாக இருந்தது. நான் வழக்கம்போல் நாற்பத்தொரு புத்தகத்தையும் இறக்கி, துடைத்து, காலையிலேயே பூசையில் வைத்துவிட்டேன். பதினொரு மணிக்கு லாரிக்காரன் வந்து நிற்கிறான். சொன்ன நாளுக்கு வேறு லோடு ஒத்துக்கொண்டுவிட்டானாம். இன்றைக்கே கிளம்பினால் உண்டு, இல்லையென்றால் பத்து நாள் ஆகும் என்கிறான். லாரிக்கும் பூசை முடித்து, முன்னால் வாழைக்கன்று கட்டி, கண்ணாடி பூராவும் சந்தனம் அப்பியிருந்தான். தகப்பனுக்குத் திங்கட்கிழமை போய் வேலையில் சேர வேண்டும். வேறு வழியில்லாமல் சாமானை இறக்க ஆரம்பித்தார்கள்.

மூன்று மணிக்கு மேல்வீடு காலி. டீச்சர் கடைசியாக என்னிடம் வந்தாள்.

"பாப்பா புத்தகத்த எடுத்துக்கிடலாமாம்மா?"

இங்கேதான் நான் அதைச் செய்தேன். பூசையில் வைத்த புத்தகத்தை அவசரம் என்றால் எடுக்கலாம். எங்கள் வீடுகளில் அதற்கு ஒரு வழி உண்டு. கற்பூரத்தைக் காட்டி, வைத்த இடத்தில் இருந்து ஒரு சாண் நகர்த்திவிட்டு எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். என் கொழுந்தன் பரீட்சைக்குப் படித்தபோது என் மாமியாரே அப்படி எடுத்துக் கொடுத்திருக்கிறாள், நான்தான் பக்கத்தில் கற்பூரத் தட்டோடு நின்றேன். எல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் சொன்னேன்.

"பூசையில வச்சத நாளைக்குத்தான் எடுக்கணும் டீச்சர். இன்னைக்குத் தொடப்படாது."

அவர்கள் எங்கள் ஆட்களாக இருந்தால் என்னிடம் வாதாடியிருப்பார்கள். வேறு சாமி கும்பிடுகிறவர்கள் எங்கள் சாமி விஷயத்தில் என்னோடு வாதாடமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். அந்த மரியாதையைத்தான் நான் பிடித்துக்கொண்டேன். புத்தகம் இங்கே இருந்தால் அதை எடுக்க வருவார்கள். வந்தால் பிள்ளையும் வரும். அந்த நிமிடத்தில் எனக்கு வேறு கணக்கு ஒன்றும் இல்லை.

வாசலில் நின்ற லாரிக்காரன் கேட்டுவிட்டான். "ஆச்சி, சூடத்தக் காட்டிட்டுத் தள்ளி வச்சு எடுத்துக் குடுங்க. எங்க வீட்ல அப்பிடித்தான் செய்யுதாவ."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "ஏலே, லாரிக்கு எலுமிச்சம்பழம் வச்சவன் எனக்கு மொறை சொல்ல வந்துட்டியாலே? ஒன் வண்டியப் பாரு."

"நான் நெசத்தத்தான் சொல்லுதேன்" என்று அவன் முனகினான்.

பிள்ளையின் தகப்பன் அவன் தோளில் கை வைத்தார். "வேண்டாம்ணே. அவங்க மொறைய நாம மாத்தச் சொல்லக் கூடாது." என்னைப் பார்த்து, "இருக்கட்டும்மா. ஒரு மாசத்துல வந்து எடுத்துக்கிடுதோம்" என்றார். அவர் அதைச் சொன்னபோது நான் தரையைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

பிள்ளை பூசை அறை வாசலில் நின்றாள். அந்த இயேசு சாமி புத்தகம் ஒன்று மட்டும் அவள் கையில் இருந்தது.

"நாளைக்கு எடுக்கலாம்லா ஆச்சி?"

"ஆமா தாயீ. நாளைக்கு எடுக்கலாம்."

"நாளைக்கு நான் இங்கன இருக்கமாட்டேனே."

அவள் அழவில்லை. என்னை நம்பினாள். சாமி படிக்கட்டும் என்று நினைத்திருப்பாள். காரில் ஏறினபிறகுதான் ஜன்னல் வழியாகத் திரும்பிப் பார்த்தாள். ஒரு கையை அசைத்தாள், மற்றக் கையில் அந்தப் புத்தகம். தெருமுக்கு திரும்புகிறவரை நின்று பார்த்துவிட்டு உள்ளே வந்தேன். மறுநாள் காலையில் கற்பூரம் காட்டி, நாற்பத்தொன்றையும் எடுத்துக் கயிற்றில் மாட்டினேன்.

கிறிஸ்துமசுக்கு வருவார்கள் என்று முறுக்குச் சுட்டு வைத்தேன். வரவில்லை. லீவு கிடைக்கவில்லை என்று போன் வந்தது. கோடை விடுமுறைக்கு என்றார்கள். அப்போதும் முடியவில்லை. ஒரு தடவை டீச்சர், "பார்சல்ல போட்டு விடுங்கம்மா, பாப்பா கேட்டுக்கிட்டே இருக்கா" என்று விலாசத்தைச் சொல்ல ஆரம்பித்தாள். விலாசம் எழுத எனக்குத் தெரியாது. யாரிடமாவது எழுதச் சொல்ல என் கௌரவம் இடம் கொடுக்காது. அதைவிட, அனுப்பிவிட்டால் அவர்கள் வர என்ன இருக்கிறது? "பார்சல்ல கசங்கிரும் டீச்சர். பாப்பாவக் கூட்டிக்கிட்டு வந்து எடுத்துக்கிடுங்க" என்றேன். "சரிம்மா" என்றாள். பிறகு போன் குறைந்தது. கடைசியாகப் பேசியபோது பிள்ளையைக் கூப்பிடச் சொன்னேன். அவள் விளையாடப் போயிருக்கிறாள் என்றாள் டீச்சர். ஆனால் பக்கத்திலேயே அவள் குரல் கேட்டது.

நான் அதன்பிறகு ஒரு காரியம் செய்தேன். படிக்கக் கற்றுக்கொண்டேன். யாரிடமும் போகவில்லை, போகவும் மாட்டேன். கிழக்கு அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, அந்தப் புத்தகங்களை வைத்தே கூட்டினேன். இரண்டாம் வகுப்பில் படித்தது எங்கேயோ அடியில் கிடந்தது. யானை படத்துக்குக் கீழே யானை என்றுதான் இருக்கும் என்ற தைரியத்தில் ஒவ்வோர் எழுத்தாகப் பிடித்தேன். ஒரு புத்தகத்துக்கு ஒரு மாதம் ஆனதும் உண்டு. பைய பையத்தான் வந்தது. ஆட்டுக்குட்டிப் புத்தகத்தைக் கடைசிக்கு ஒதுக்கி வைத்திருந்தேன்.

அதைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்தக் குட்டி அம்மா வீட்டுக்குப் போகவே இல்லை. அதன் பையில் பொத்தான் அறுந்துவிடுகிறது. தைத்துக் கொடுக்க ஆள் தேடித் தெருத்தெருவாக அலைகிறது. தையல் கடை பூட்டியிருக்கிறது. கடைசி வீட்டில் இருக்கிற பெரிய ஆடு, முன்பின் தெரியாத ஆடு, ஓர் ஊக்கை எடுத்துக் கொடுக்கிறது. அவ்வளவுதான் கதை. அம்மா என்ற சொல்லே அதில் எந்தப் பக்கத்திலும் இல்லை.

இந்த வைகாசியில் அவர்கள் வந்தார்கள். உறவில் ஒரு கல்யாணம், இங்கே வேதக்கோயிலில். நாலு வருடம் ஆகியிருந்தது. முதல்நாள் டீச்சர் போன் பண்ணினாள். நான் கயிற்றை மாற்றிப் புதுக்கயிறு கட்டினேன். வசம்பு புதிதாக முடிந்தேன். நாற்பத்தொன்றையும் துடைத்து மாட்டினேன்.

பிள்ளை என் தோளுக்கு வளர்ந்திருந்தாள். "ஆச்சி, நல்லா இருக்கீங்களா?" என்றாள். முன்பு நீ என்பாள். நான், "இருக்கேன் தாயீ" என்றேன். கிழக்கு அறை வாசலில் நின்று, அவள் மூக்கை ஒரு தடவை உறிஞ்சியதைப் பார்த்தேன். பிறகு உள்ளே போனாள்.

அடுக்களையில் டீச்சருக்குக் காப்பி போட்டேன். "பாப்பா புத்தகமெல்லாம் அப்படியே இருக்கு. இந்தத் தடவை எடுத்துக்கிட்டுப் போயிருங்க" என்றேன்.

டீச்சர் தம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டே, "அவளுக்குத் தமிழ் வாசிக்க வராதும்மா" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. "நல்லாக் கூட்டுவாள்லா?"

"அப்ப ஆரம்பந்தான. அங்க ஸ்கூல்ல தமிழ் கிடையாது. வீட்ல சொல்லிக் குடுக்கலாம்னுதான் நெனச்சேன். கையில தமிழ்ப் புத்தகம்னு இருந்தது அந்த இயேசு கதைப் புத்தகம் ஒண்ணுதான். அத வச்சு ஒரு வருசம் படிச்சா. அது பிரிஞ்சு போச்சு. பொறவு வாங்குனது எல்லாம் இங்கிலீஷ். இப்ப ஒரு எழுத்தும் நெனப்பில்ல. யாரும் படிக்கச் சொன்னா அவளுக்கு வெக்கமா இருக்கு, எந்திரிச்சுப் போயிருதா."

அடுப்பில் பிள்ளைக்கு வைத்திருந்த பால் பொங்கி வழிந்தது. நான் அணைக்கவில்லை, டீச்சர்தான் எட்டி அணைத்தாள். அப்போது சொல்லிவிட்டேன். பூசை அன்றைக்கே எடுத்திருக்கலாம், அதற்கு வழி உண்டு, அந்த லாரிக்காரன் சொன்னதுதான் சரி, நான்தான் வேண்டும் என்று பிடித்து வைத்தேன் என்று. எதற்காக என்பதையும் சொன்னேன். கோபப்படுவாள் என்று நினைத்தேன். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் வழிந்த பாலைத் துடைத்தாள். துணியை அலசிப் பிழிந்து போட்டாள்.

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேம்மா" என்றாள். "லீவுக்கெல்லாம் பிள்ளைய இங்கயே கொண்டு விட்டிருப்பேனே."

அதற்கு மேல் அங்கே நிற்க முடியாமல் நான் கிழக்கு அறைக்குப் போனேன். பிள்ளை ஆட்டுக்குட்டிப் புத்தகத்தைக் கழற்றிக் கையில் வைத்திருந்தாள்.

"இது எனக்கு ஞாபகம் இருக்கு ஆச்சி" என்றாள்.

என் புத்தி அப்போது எங்கே இருந்ததோ. சற்றுமுன் கேட்டதெல்லாம் மறந்து, பழைய வழக்கத்தில், "படி தாயீ, கேப்போம்" என்று சொல்லிவிட்டேன்.

சொன்னபிறகுதான் உறைத்தது. அவள் கழுத்து விறைத்தது. பக்கத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். விலகிப் போகவில்லை. பாயில் உட்கார்ந்து, புத்தகத்தை நிமிர்த்திப் பிடித்து, விரலை முதல் வரியில் வைத்தாள்.

"ஒரு ஊர்ல ஒரு ஆட்டுக்குட்டி இருந்துச்சு" என்றாள். "அது சிவப்புப் பைய மாட்டிக்கிட்டு அம்மா வீட்டுக்குக் கெளம்புச்சு."

அவள் விரல் ஓடிய இடத்தில், பையின் பொத்தான் அறுந்துவிட்டது என்று போட்டிருந்தது. என்னால் படிக்க முடிந்தது. அவள் நிறுத்தாமல், பக்கத்தைச் சரியான இடத்தில் புரட்டிப் புரட்டிச் சொன்னாள். வழியில் பார்த்தவர்கள் எல்லாம், எங்க போற, எங்க போற என்று கேட்டார்கள். "எங்க அம்மயப் பாக்கப் போறேன்" என்று சொல்லும்போது மட்டும் குரல் கொஞ்சம் இறங்கியது. எங்கள் ஊர்ப் பேச்சில், நான் சொல்லுகிற மாதிரியே சொன்னாள்.

டீச்சர் ஈரக்கையோடு வாசலில் வந்து நின்றாள். பிள்ளை தலையைத் தூக்கி அம்மாவைப் பார்த்தாள், பிறகு என்னை. அந்தப் பார்வையை எனக்குத் தெரியும். பேப்பரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தவளுக்குத் தெரியாதா?

"நல்லாப் படிக்கா டீச்சர்" என்றேன்.

டீச்சர் ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

புறப்படும்போது புத்தகங்களைக் கட்டிக் கொடுக்கட்டுமா என்று கேட்டேன். பிள்ளை கயிற்றை இந்தக் கோடியில் இருந்து அந்தக் கோடிவரை பார்த்தாள். "இங்கயே இருக்கட்டும் ஆச்சி" என்றாள். என் கையைப் பிடித்து ஒரு தடவை அழுத்திவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். கார் தெருமுக்கில் திரும்பியது. இந்தத் தடவை ஜன்னல் கண்ணாடி ஏற்றியிருந்தது. அவள் திரும்பிப் பார்த்தாளா என்று எனக்குத் தெரியவில்லை.

உள்ளே வந்தேன். ஆட்டுக்குட்டிப் புத்தகம் பாயில் கடைசிப் பக்கம் விரிந்தபடி கிடந்தது. எடுத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒருவேளை நான்தான் தப்பாகக் கூட்டியிருப்பேனோ என்று இன்னொரு தடவை வாய்விட்டுப் படித்தேன். பெரிய ஆடு ஓர் ஊக்கை எடுத்துக் கொடுத்தது. குட்டி நன்றி சொல்லிவிட்டு வந்த வழியே திரும்பிப் போனது. அப்படித்தான் போட்டிருக்கிறது.

கிளிப்பைப் போட்டு அதை அதன் இடத்தில் மாட்டினேன்.